நிலாப் படம் போட்ட வியாழக்கிழமை

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். பால் பாக்கெட்டை வாங்கியதும் தேதி பார்ப்பேன். பார்த்துவிட்டு, அந்தத் தேதியை எவன் அச்சடித்தானோ என்று அவனையும் சந்தேகப்படுவேன். இந்தக் குணத்தோடு இருபத்திரண்டு வருடமாகத் திருவண்ணாமலையில் பல் டாக்டராக இருக்கிறேன். என் நாற்காலியில் வாயைத் திறக்கிறவர்களில் பாதிப் பேர் "ரெண்டு வேளையும் தேய்க்கிறேங்க" என்று பொய்தான் சொல்கிறார்கள். அதனால் இந்தக் குணம் தொழிலுக்குப் பொருத்தம்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு வேங்கிக்காலில். கிளினிக் செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெருவில். கிளினிக்கில் நானும் ஒரு அசிஸ்டென்ட்டும் மட்டும்தான். அவள் அடி அண்ணாமலையிலிருந்து வருகிறாள். நாற்பது வயது இருக்கும். பதினோரு வருடமாக என்னிடம் இருக்கிறாள். வருகிறவர்கள் அவளைச் சிஸ்டர் என்பார்கள், அவள் என்னை மேடம் என்பாள். யாருக்கு எப்போது நேரம் கொடுப்பது என்பது முழுக்க அவள் பொறுப்பு. அதற்கு ஒரு நீள நோட்டு வைத்திருந்தாள். அந்த நோட்டில் மணி என்று ஒன்று ஒழுங்காக இருக்காது. "பத்தரை மணி பஸ்ஸப் புடிச்சு வந்துடுங்க" என்பாள். "வெள்ளிக்கெழமையா? ராவுகாலம் முடிஞ்சு உக்காரலாம்" என்பாள். எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர். "இந்தக் காலத்துல போயி நோட்டா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போனார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகனிடம் சொன்னேன். சொன்னது தப்பு. அரை மணி நேரத்தில் என் போனிலும், கிளினிக் கம்ப்யூட்டரிலும், அவள் போனிலும் ஒரு காலண்டர் ஆப்பைப் போட்டுவிட்டான்.

"இது யாருதுடா?"

"ஒரு கம்பெனியோடதும்மா."

"நான் எழுதறத யார் பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்கம்மா."

"யாரும் பாக்காததுக்கு எதுக்குடா ஓசியில குடுக்கறான்?"

அவன் சிரித்தான். மூன்றாம் நாள் அந்த ஆப் தானாகவே 'சென்னைக்கு ரயில், காலை ஆறு மணி' என்று என் ஞாயிற்றுக்கிழமையில் எழுதி வைத்திருந்தது. நான் சென்னைக்குப் போவதை என் நாத்தனாரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை! டிக்கெட் வந்த மெயிலைப் படித்துவிட்டு அதுவே போட்டுக்கொள்ளும் என்று மகன் விளக்கினான். விளக்கம் கேட்டபின் பயம் இன்னும் ஜாஸ்தியானது. அன்றிலிருந்து வீட்டில் போனைக் கவிழ்த்துத்தான் வைக்கிறேன். எந்தத் தேசத்தில் எவன் உட்கார்ந்து என் நாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறானோ என்று ஒரு குறுகுறுப்பு.

அவள் இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். பல் எடுப்பவர்களுக்குச் சிவப்பு, வேர் சிகிச்சைக்கு மஞ்சள், சுத்தம் செய்ய வருகிறவர்களுக்குப் பச்சை என்று கட்டம் கட்டமாகக் கலர் போட்டுவிட்டாள். ஆனால் நோட்டை விடவில்லை. மெஷினில் ஒரு முறை, நோட்டில் ஒரு முறை.

"ரெண்டு எடத்துல எதுக்கு?"

"இருக்கட்டுங்க மேடம். கரன்ட்டு போனா என்னா பண்றது?"

எனக்கு அதுவும் உறுத்தியது. இரண்டு இடத்தில் எழுதுகிறவள் இரண்டு விதமாக எழுதமாட்டாள் என்று என்ன நிச்சயம்?

இந்த நேரத்தில்தான் மகன் போனில் ஒன்று சொல்லிக்கொடுத்தான். அந்த ஆப்பில் ஹிஸ்டரி என்று ஒரு இடம் உண்டு. யார், எந்தப் பதிவை, எத்தனை மணிக்கு, எங்கிருந்து எங்கே மாற்றினார்கள் என்று வரி வரியாக, பெயரோடு காட்டும். அதை அவன் எனக்குக் காட்டியிருக்கக் கூடாது. சந்தேகக்காரி கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. காலையில் காபி குடிக்கும் முன் அதைத்தான் திறப்பேன். ஆப்பின் மேல் இருந்த சந்தேகம் மெல்லக் கரைந்து, அது எனக்கு வேவு பார்க்கும் ஆளாகிவிட்டது. யாரை வேவு பார்ப்பது? கிளினிக்கில் என்னைத் தவிர இருப்பது அவள் ஒருத்திதான்.

இன்னொரு வசதியையும் நானே கண்டுபிடித்துச் சேர்த்தேன். பௌர்ணமி வருகிற தேதியில் ஒரு சின்ன நிலாப் படம் தெரியும். எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் வண்டி வராது. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக ஸ்டாண்டில் நின்றுவிடும். கிரிவலம் வருகிற கூட்டத்தில் செங்கம் ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. இத்தனை வருடமும் எந்த நாள், எத்தனை மணியிலிருந்து என்று அவள்தான் பார்த்துச் சொல்வாள். "நாளைக்கு மதியத்துக்கு மேல வேணாங்க மேடம்" என்பாள். நான் வேறெதுவும் கேட்டதில்லை, வீட்டில் இருந்துவிடுவேன். இப்போதுதான் மெஷினே சொல்கிறதே! இனி இவளைக் கேட்பானேன் என்று, நிலாப் படம் போட்ட நாட்களையெல்லாம் வருடம் முழுவதற்கும் ஒரே மூச்சில் விடுமுறை என்று குறித்துவிட்டேன்.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது மாதம், நிலா நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் இருந்த நான்கு பேரையும் அவள் வேறு நாளுக்கு மாற்றியிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அன்று மதியம் நான் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். வேங்கிக்காலில் என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மலை தெரியும், ரோடு தெரியாது. மூன்றாவது மாதம் அப்படி எதுவும் செய்யவில்லை. நான்காவது மாதம் மறுபடியும் அதே வேலை. நிலாப் படம் வியாழக்கிழமையில் இருக்கிறது. இவள் புதன்கிழமை சாயங்காலத்தைத் துடைத்து வைத்திருக்கிறாள்.

எனக்கு மூக்கு வேர்த்தது. ஒரு மாதம் செய்கிறாள், ஒரு மாதம் விடுகிறாள் என்றால் ஏதோ சொந்த வேலை இருக்கிறது. யோசித்தேன், பொறி தட்டியது. அவள் வீட்டுக்காரர் பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் சுண்டல் கடை போடுவார் என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். வியாழக்கிழமை கடை என்றால் புதன்கிழமையே ஏற்பாடு செய்ய வேண்டும், ஊற வைக்க வேண்டும். அதற்கு என் நோயாளிகளை நகர்த்துகிறாள்! மாட்டினாயா கள்ளி என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவளை நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள், எனக்கோ கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று வெறி. திங்கட்கிழமை காலை அவளுக்கு இருந்த மாற்றும் அனுமதியை எடுத்துவிட்டேன். இனி அவளால் காலண்டரைப் பார்க்க மட்டும்தான் முடியும். அவள் நகர்த்தியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பழைய நேரத்துக்கே திருப்பிப் போட்டேன். அதில் முக்கியமானவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற ஒரு பெரியவர். சர்க்கரை உள்ளவர். கடைவாய்ப் பல் எடுத்து, வீக்கம் வற்றியதா என்று பார்க்க வரச் சொல்லியிருந்தேன். அவரை அவள் புதன் காலை ஒன்பதுக்கு மாற்றியிருந்தாள். நான் மறுபடி சாயங்காலம் ஐந்துக்குப் போட்டேன். ஆப் தானாகவே எல்லோருக்கும் புது நேரத்தை மெசேஜ் அனுப்பிவிட்டது.

அன்றே இன்னொன்றும் செய்தேன். கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்த ஒரு பெண் வேங்கிக்காலிலேயே இருக்கிறாள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமைதான் விடுமுறை, என் அசிஸ்டென்ட் வரமாட்டாள், கூட்டம் சேருவதற்கு முன் அன்று காலையிலேயே அந்தப் பெண்ணைக் கிளினிக்குக்கு வரவழைத்துப் பார்த்துவிடலாம், அடுத்த மாதம் இவளை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். காரில் உட்கார்ந்தபடி போனில், 'வியாழன் காலை 10, அசிஸ்டென்ட் வேலைக்குப் புதுப் பெண்' என்று போட்டுக்கொண்டேன். ஒருத்திக்கும் தெரியாமல் காரியத்தை முடிக்கப்போகிற என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, கையுறையை எடுத்துக் கொடுத்தபடியே அவள் சொன்னாள்.

"மேடம், நாளைக்கு சாயங்காலம் வேணாங்க. பௌர்ணமி."

"பௌர்ணமி வியாழக்கெழமை. இதோ பாரு, நிலா."

"அது முடியறதுங்க மேடம். தொடங்கறது புதன்கெழம மதியம். ஜனங்க புதன்கெழமயே வந்துடுவாங்க."

"உலகம் பூரா பாக்கற நிலா தப்பு, நீ சொல்றது சரியா?"

"இல்லீங்க மேடம், நம்ம ஊர்ல..."

நாக்கு என்று ஒன்று எனக்கு இருக்கிறதே, அது அதற்குமேல் சும்மா இருக்கவில்லை. "உன் வீட்டுக்காரர் கடைக்கு ஆள் வேணும்னா லீவு கேளு, தரேன். என் பேஷன்ட்டுங்கள எதுக்கு மாத்தற? இனிமே எதையும் மாத்தற வேலை வெச்சுக்காத."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "சரிங்க மேடம்" என்றாள். உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருந்த ஒரு டீச்சரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மதியம் வழக்கம்போல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். நாலே காலுக்குக் காரை எடுத்தேன். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, ரோட்டின் குறுக்கே தடுப்பு வைத்திருந்தார்கள். இளவயசு போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார்.

"உள்ள விட முடியாதுங்க மேடம். பௌர்ணமி."

"பௌர்ணமி நாளைக்குத்தானே?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெளியூருங்களா?" என்றார்.

போச்சுடா என்று இருந்தது. அவருக்குப் பின்னால் ரோடு முழுக்கத் தலைகள். குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள், மஞ்சள் பை, தண்ணீர் பாட்டில், வெறுங்கால்கள். கிளினிக்குக்கு அடித்தேன், அவளே எடுத்தாள். "பெரியவரு வந்துட்டாருங்க மேடம். அவரு சம்சாரமும் கூட வந்திருக்காங்க. பஸ்ஸு வெளியவே நின்னுடுச்சாம், அங்கேருந்து நடந்தே வந்திருக்காங்க. கன்னம் வீங்கிக் கெடக்குது. உக்கார வெச்சிருக்கேன்" என்றாள். சர்க்கரைக்காரர், வீங்கிய தாடையோடு, அந்த வெயிலில், அந்தக் கூட்டத்தில் நடந்து வந்திருக்கிறார். நடக்க வைத்தது நான்.

காரை ஓரமாகப் போட்டுவிட்டு நடந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கூட்டத்துக்குள் நான் கால் வைத்ததே இல்லை. ஒரு அம்மாள் என் காலைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, செருப்பு போட்டுக்கினா மலை சுத்துவாங்க?" என்று கேட்டார். முட்டி வலித்தது, புடவை நனைந்துவிட்டது, அவள் மேல் கோபப்பட முயன்றும் முடியவில்லை.

நான் போய்ச் சேரும்போது பெரியவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவள் அவருக்குச் சர்க்கரை பார்த்து ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தாள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்திருந்தாள். எங்கிருந்தோ இரண்டு இட்லி வாங்கிப் பிசைந்து ஊட்டியும் இருந்தாள். கருவிகளெல்லாம் ஸ்டெரிலைசரில் போட்டு எடுத்துத் தட்டில் தயாராக இருந்தன. சீழ் கோத்திருந்தது. வெளியேற்றினேன். நான் கை நீட்டுவதற்கு முன்னால் எனக்கு வேண்டியது கையில் வந்தது. பதினோரு வருடமாக அப்படித்தான் வருகிறது. அன்றுதான் கவனித்தேன்.

"நான் போன் பண்ணி காலையிலயே வாங்கன்னு சொன்னேங்க மேடம்" என்றாள் பஞ்சை மடித்துக்கொண்டே. "அவருதான், 'மெசேஜ் வந்திருக்குதும்மா, டாக்டரம்மாவே அஞ்சு மணிக்கு கூப்புட்டிருக்காங்க'ன்னு சொல்லிட்டாரு."

பெரியவரும் அவர் மனைவியும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஏதாவது பேச வேண்டும் போல் இருந்தது. மன்னிப்பு என்று நேராக வரவில்லை. "நீ கெளம்பும்மா. கடையில தேடுவாங்க" என்றேன்.

"எந்தக் கடைங்க மேடம்?"

"உன் வீட்டுக்காரர் சுண்டல் கடை."

"அதுவா? அத நிறுத்தி ரெண்டு வருஷம் ஆவுதுங்களே. அவரால நிக்க முடியல, காலு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் கால் என்ன ஆனது என்றுகூட எனக்குத் தெரியாது. தினமும் எட்டு மணி நேரம் ஒரே அறையில் இருக்கிறோம். அவளுடைய ஹிஸ்டரியை வரி வரியாகப் படித்த எனக்கு இது தெரியவில்லை. முன்மேஜைக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். பௌர்ணமி புதன் மதியம் தொடங்கி வியாழன் மதியம் வரை என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. நிலா நிறைந்து முடிகிற நேரத்துக்குத்தான் மெஷின் படம் போட்டிருக்கிறது. எங்கள் ஊர் ஜனங்கள் பௌர்ணமி தொடங்கும்போதே மலையைச் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். அது ராத்திரியில் தொடங்கிய மாதங்களில் முந்தின நாளை மாற்ற அவளுக்கு அவசியம் இருந்திருக்காது.

அந்தக் காலண்டருக்குக் கீழே மேஜைமேல் நீள நோட்டு இருந்தது. அதன் மேல் சாவிக்கொத்து, ஸ்டெரிலைசர் வாரன்ட்டி கார்டு, மருந்துக் கம்பெனிக்காரர்களின் நம்பர் எழுதிய அட்டை. எல்லாம் அடுக்கி வைத்திருந்தது.

"இதெல்லாம் ஏன் எடுத்து வெச்சிருக்க?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நாளைக்கு பத்து மணிக்கு அந்தப் பொண்ணு வருதுல்லங்க மேடம்" என்றாள். "திங்கக்கெழம நீங்க போட்டதுமே என் போனுக்கும் வந்துடுச்சு. இப்பக்கூட ஒருவாட்டி ஞாபகப்படுத்துச்சு. மெஷின்ல டைமு மட்டும்தாங்க இருக்குது. யாரு எந்த பஸ்ல வருவாங்க, யாருக்கு சுகரு, யாருக்கு ஊசின்னா மயக்கம் வரும், அதெல்லாம் நோட்டுலதான் இருக்கு. நாளைக்கு எனக்கு லீவு போட்டிருக்கீங்க. ஆனா நான் வந்தேன்னா, அந்தப் பொண்ணுக்கு ஒருவாட்டி சொல்லிக் குடுத்துடுவேன். வரட்டுங்களா?"

எந்தத் தேசத்தில் எவன் பார்க்கிறானோ என்று போனைக் கவிழ்த்து வைத்தவள் நான். எனக்கென்று போட்டுக்கொண்டதாக நினைத்ததைக் கிளினிக்கின் பொதுக் காலண்டரில் போட்டிருக்கிறேன். அவளுக்குத் திங்கட்கிழமையிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்தே செவ்வாய்க்கிழமை எனக்குப் பௌர்ணமியை எடுத்துச் சொன்னாள், தெரிந்தே இன்று வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"தப்பு பண்ணிட்டேம்மா. மன்னிச்சுடு" என்றேன். அவளைவிடப் பதினைந்து வயது பெரியவள் நான்.

"பரவால்லீங்க மேடம்" என்றாள். அந்த நோட்டை மட்டும் எடுத்து மறுபடி டிராயரில் வைத்தாள்.

அங்கேயே நின்று அந்தப் பதிவை அழித்தேன். 'மற்றவர்களுக்கும் ரத்து என்று தெரிவிக்கவா?' என்று ஆப் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். மேஜைமேல் இருந்த அவள் போன் ஒரு தடவை ஒலித்து அடங்கியது. அவள் எடுத்துப் பார்க்கவில்லை. மாற்றும் அனுமதியையும் அப்போதே திருப்பிக் கொடுத்தேன். பெரியவரையும் அவர் மனைவியையும் நடுவில் விட்டு, நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் ஓரமாகவே நடந்து அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் வந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை, முகம் கோணியதில்லை. பேச்சும் பழைய மாதிரிதான். பெரியவருக்குப் புண் ஆறிவிட்டது. போன வாரம் ஒரு பை மல்லாட்டை கொண்டுவந்து கொடுத்தார், அதை அவள்தான் வேகவைத்துக் கொண்டுவந்தாள். ஆனால் காலண்டரில் அவள் கை வைப்பதில்லை. யாருக்காவது நேரம் மாற்ற வேண்டுமென்றால் மருந்துக் கம்பெனி கொடுத்த சின்ன பேடில் எழுதி, கிழித்து, என் மேஜைமேல் வைக்கிறாள். "நீயே மாத்திடும்மா" என்கிறேன். "நீங்களே மாத்திடுங்க மேடம்" என்கிறாள். அதற்குமேல் வற்புறுத்த எனக்கு வாய் வருவதில்லை. பௌர்ணமிக்கு முன்னாலும் ஒரு சீட்டு வந்துவிடுகிறது, மணியோடு.

காலையில் காபி குடிக்கும் முன் நான் இன்னும் அந்த ஹிஸ்டரியைத் திறக்கிறேன். ஒரு வரியிலாவது அவள் பெயர் வந்திருக்காதா என்று கடைசிவரை தள்ளிப் பார்க்கிறேன். எல்லா வரியிலும் என் பெயர்தான் இருக்கிறது.